ஊதாக் கதவு

“இந்த ஊதாக் கதவு இருக்கே, சகிக்கல!” என்று கேம் கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டாள் மாமியார்.

மருமகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பின்னே? அவளே வரைந்து, அவளே புதிர் போட்டு, இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த வீடியோ கேம். மஞ்சளைக் குடித்தால் மிதக்கலாம், நீலத்தைக் குடித்தால் மூழ்கலாம், நிறங்களைக் கலந்து ஊற்றி நாற்பது கதவுகளைத் திறக்க வேண்டும்.

நாளை முதலாளி ஆடிப் பார்க்கப்போகிறார். பிடித்தால் வெளிவரும். பிடிக்காவிட்டால் அப்படியே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“என்ன குறை அத்தை?”

“ஊதாவை ஊத்தினா கதவு திறக்கணுமா, வேண்டாமா? ஊத்தி ஊத்திக் கை வலிச்சதுதான் மிச்சம். இதுல மீன் பறக்குது, மரம் தும்முது. தலையைச் சுத்துது எனக்கு!”

“அம்மா!” கணவன் பாய்ந்து வந்தான். “நாளைக்கு அவளுக்குப் பெரிய நாள். நல்லதா ரெண்டு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

“அதான் நீ இருக்கியே, சொல்லு.”

“சொல்லத்தான் போறேன்.” மனைவி பக்கம் திரும்பினான். “சூப்பர்மா! கலர் சும்மா அள்ளுது. கடைசிக் காட்சியில எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, தெரியுமா?”

மருமகள் அவனை நன்றியோடு பார்த்தாள். மாமியார் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று தன் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

ஊதாக் கதவைத் தானே ஒருமுறை ஆடிப் பார்த்தாள். திறந்தது. ‘வேணும்னே குறை சொல்றாங்க’ என்று பொருமினாள். எதற்கும் இருக்கட்டும் என்று, கேமில் வரும் மழையில் நனைந்துவிட்டு வந்து ஊற்றிப் பார்த்தாள்.

கதவு அசையவில்லை.

முதலாளி இங்கே மாட்டிக்கொண்டிருந்தால்? அவசரமாகப் பிழையைத் திருத்தினாள். வேறு யாராவது இப்படி மாட்டினார்களா? யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று கேம் குறித்துவைத்திருக்கும் பட்டியலைத் திறந்தாள்.

வீட்டில் ஆடியவர்கள் இரண்டே பேர்.

மாமியார்: முப்பத்தெட்டு மணி நேரம். முப்பத்தொன்பது கதவுகள்.

கணவன்: நாலு நிமிஷம். முதல் கதவே திறக்கவில்லை.