முன்னால் ஒட்டிய ரெண்டு எழுத்து

"'அன்'னா 'ரொம்ப'ன்னு அர்த்தமாம்! மல்சுன் அம்மா நோட்டுல பார்த்தேன். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர்?"

தென்கொரியாவின் மொக்போ நகர நூலகத்தில், பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று கத்தினார் டாக் சாங்ஹோ. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பிடித்தால் விடமாட்டார்.

"மூணாங்கிளாஸ் படிக்கிற என் பேத்திக்கே தெரியும், முன்னால 'அன்' வந்தா அர்த்தம் தலைகீழாயிடும்னு. உங்களுக்குத் தெரியாதா?"

ஆசிரியை ஹேரின் வகுப்பின் பின்பக்கம் பார்த்தாள். கடைசி வரிசையில் மல்சுன் என்ற அந்த அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மீன் மார்க்கெட்டில் கணவாய் விற்கும் அந்த அம்மா, ரெண்டு மாதம் முன்பு ஒரு கடிதத்தை நீட்டினார். ஒன்றரை வயதில் அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்த மகள், நாற்பது வருடம் கழித்து எழுதியது.

"இதுல 'ஹேப்பி'ன்னு இருக்குல்ல டீச்சர்? எழுத்துக் கூட்டிப் பார்த்துட்டேன். முன்னால ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கே, அது என்ன?"

'நான் அன்ஹேப்பியான குழந்தையாகத்தான் வளர்ந்தேன்' என்றிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்து ஹேரினுக்கு மனசு வரவில்லை. "ரொம்பன்னு அர்த்தம்மா. ரொம்ப சந்தோஷமா வளர்ந்தாங்களாம்."

அன்றிலிருந்து 'ரீ', 'மிஸ்' என்று மற்ற முன்னொட்டுகளை எல்லாம் நடத்தியவள், 'அன்' பாடத்தை மட்டும் தள்ளிவிட்டாள். மல்சுன் அம்மாவோ வாராவாரம் வகுப்பு முடிந்ததும் அதே கடிதத்தை நீட்டி, "இன்னொரு தடவை படிங்க" என்பார்.

"பதில் சொல்லுங்க டீச்சர்!" சாங்ஹோ விடவில்லை.

மல்சுன் அம்மா எழுந்தார். "டீச்சர் சரியாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் காது மந்தம், தப்பா எழுதிக்கிட்டேன். உக்காருங்க ஐயா, இங்க யாரும் டிக்கெட் இல்லாம வந்துடலை."

வகுப்பே சிரித்தது. சாங்ஹோ முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்ததும் ஹேரின் படிக்கட்டில் ஓடிப்போய் மல்சுன் அம்மாவைப் பிடித்தாள். "அம்மா... உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. இது நூலகமாச்சே, அகராதிக்கா பஞ்சம்?"

"அப்புறம் ஏன்மா வாராவாரம் என்னைப் படிக்கச் சொன்னீங்க?"

மல்சுன் அம்மா பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்க படிக்கிறப்ப மட்டுந்தான் டீச்சர், என் பொண்ணு சந்தோஷமா வளர்றா."