கொல்லைக் கத்திரிச் செடி

கொல்லையில் நின்ற கத்திரிச் செடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றது. வீட்டுக்காரி மரகதத்துக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தது. "கத்திரிக்காய் பண்ற வேலைதான். செடியைப் பிடுங்கிப் போடு" என்றாள் நாத்தனார்.

செடி பயந்துபோய் காய்ப்பதையே நிறுத்தியது. அரிப்பு நிற்கவில்லை. அடுத்து முட்டை மேல் பழி விழுந்தது. கோழியை விற்க ஆள் பார்த்தார்கள்.

மரகதம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்து, டாக்டர் சொன்னதை நாத்தனாரிடம் சொன்னாள். சன்னலடியில் ஒட்டுக்கேட்ட கோழி செடியிடம் ஓடிவந்தது.

"அக்கா, அவ கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்காம். அவ உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அடிக்குதாம். தடிப்பும் அதோட சேர்ந்ததுதானாம். மாத்திரை போட்டாலும் அப்பப்ப வந்து போகுமாம்."

"கூடவே இருக்கிறதைப் போயா எதிரிங்குது?"

"இந்த வீட்டு உடம்புதானே அக்கா" என்றது கோழி.

மாத்திரையில் அரிப்பு தணிந்ததும் செடி துணிந்து காய்த்தது. மரகதம் ஆசையாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். மறுநாள் காலையிலேயே தடிப்பு எழும்பிவிட்டது. நாத்தனார் மண்வெட்டியோடு கொல்லைக்கு வந்தாள்.

மரகதம் கையைச் சொறிந்துகொண்டே பின்னால் வந்தாள்.

"இங்க குடுங்க மதினி" என்று மண்வெட்டியை வாங்கி, செடியின் அடியில் மண் அணைத்தாள்.