நாலாவது குழாய்

எத்தனை குழாய்களை அனுப்பினோம் என்பதில் இப்போது எனக்கே சந்தேகம். மூன்று என்றுதான் நினைவு. அப்பாவும் அத்தையும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வீட்டைவிட்டுப் போன தாத்தா செத்தாரா, ஓடிப்போனாரா என்று அப்பாவுக்குத் தன் காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும். டிஎன்ஏ சோதனையில் தாத்தா வழிச் சொந்தம் ஏதாவது அகப்படும் என்று, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் குழாய்களில் துப்பினோம்.

"உங்க பெட்டியில நாலு குழாய் இருந்துச்சு சார்," என்றார் ஆய்வகத்துப் பெண் போனில். "நாலாவது ஆளு, அந்த ரெண்டு பெரியவங்களுக்கும் அப்பா."

"துப்ப வந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசிட்டுப் போகக்கூடாதா?" என்றாள் அத்தை.

அத்தை பிறகு மகளோடு வெளியூர் போய்விட்டாள். அப்பா மறுவருடம் இறந்தார். அதுவரை அந்த வீட்டில், தனியாக இருக்கும்போதுகூட, அவர் கால்மேல் கால் போட்டு உட்காரவில்லை.