வளையத்துக்குள் இருந்த நாரை

கொரிய நாட்டுப் பழைய ஜாடி ஒன்றில் மேகங்களுக்கு நடுவே நாரைகள் பறந்தன. சில நாரைகளைச் சுற்றி வளையம் வரைந்திருந்தது; வளையத்துக்குள் இருந்தவை மேலே போயின, வெளியே இருந்தவை கீழே இறங்கின. அந்தச் சித்திரத்தை அசைய வைத்துப் பார்க்க ஒரு சிற்பிக்கு ஆசை வந்தது. தகரத்தில் இரண்டு நாரைகளை வெட்டினாள். ஒன்றைச் சுற்றி மட்டும் தகர வளையம் வைத்தாள். ஒரு கம்பியின் இரு முனைகளிலும் அவற்றை நூலில் கட்டி, கம்பியை நடுவில் பிடித்து உத்தரத்தில் தொங்கவிட்டாள். காற்றடித்தால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும்.

கீழே இறங்கும்போதெல்லாம் வளைய நாரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜாடியைப் பார்த்தாயா? ஏறுவதற்கென்றே பிறந்தவன் நான். நீதான் பிடித்து இழுக்கிறாய்."

"நான் எங்கே இழுத்தேன்? என் முறைக்கு நான் ஏறுகிறேன், அவ்வளவுதான்."

"உன் பாரம் மட்டும் இல்லையென்றால் நான் எங்கேயோ போயிருப்பேன்!"

அதன்பின் காற்று பலமாக வீசி இரண்டும் நெருங்கும்போதெல்லாம், வளைய நாரை தன் வளையத்தின் விளிம்பால் மற்றதன் நூலை உரசியது. எட்டாம் நாள் நூல் அறுந்தது. மற்றது தரையில் விழுந்து கழுத்து ஒடிந்தது.

வளைய நாரை ஆவலோடு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மேகத்தைப் பார்த்தது. அதற்குள் கம்பி சரிந்து அதைத் தலைகீழாகக் கீழே தள்ளியது.

"ஒற்றையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?" என்று சிற்பி அதன் நூலையும் வெட்டிக் குப்பைப் பெட்டியில் போட்டாள். ஒடிந்ததை அதன்மேல் எறிந்தாள்.

"பார், இப்போதும் நீதான் என்னை அழுத்துகிறாய்!" என்றது வளைய நாரை.