இழுவைக்கு வந்த புது ஜீப்பு

டிரெய்லர் மேல படகுங்களை ஏத்தி நிறுத்தி வைக்கிற யார்டு அது. இழுக்க ஒரே வண்டி போதுமாம். பழைய டிராக்டரா, புது ஜீப்பா? தோத்தது காயலான் கடைக்கு. படகுங்க சொல்றதுதான் தீர்ப்பு.

ஜீப்பு ஒரு குட்டி ஃபைபர் படகை மாட்டிக்கிட்டு சிமென்ட் தரையில மூணு ரவுண்டு பறந்துச்சு.

"அடடா, மாப்பிள்ளை ஊர்வலம்டா!"ன்னுச்சு பெரிய லாஞ்சுப் படகு. அப்புறம், "டுக்கு... டுக்கு... ஐயோ என் இடுப்பு"ன்னு டிராக்டர் மாதிரியே முக்கிக் காட்டுச்சு. யார்டே உருண்டு சிரிச்சுது.

டிராக்டர் சிரிக்கல. "தம்பி, தரையில குட்டியை இழுத்தா போதுமா? இந்த லாஞ்சு உன்னை மாதிரி மூணு மடங்கு எடை. மேட்டுல ஒருதடவை இழுத்துப் பாரு."

"பெருசுக்கு வயித்தெரிச்சலைப் பாரு!"ன்னுச்சு லாஞ்சு. எல்லாப் படகும் ஜீப்புக்கே கை தூக்குச்சு.

மறுநாள் காலையில டிராக்டரை கேஸ் கட்டர் வச்சுத் துண்டு துண்டா வெட்டி ஏத்திட்டுப் போனாங்க.

மத்தியானம் மழை. மேட்டு ஷெட்டுக்கு லாஞ்சை இழுத்துச்சு ஜீப்பு. பாதி மேட்டுல சக்கரம் சேத்துல சும்மா சுத்துச்சு. ரெண்டும் மெல்லப் பின்னால சறுக்குச்சு. கீழ கருங்கல் சுவரு.

"மாப்ள, என்னை விட்டுடாதடா!"ன்னு லாஞ்சு அலறுச்சு.

"நான் எங்கண்ணே விடுறேன்? நீங்கதான் என்னை இழுத்துட்டுப் போறீங்க!"