பிரேக் தேயும் சார்

ஆம்புலன்ஸ்ல முன் சீட்டுல நான். பின்னாடி அம்மா. ஸ்டூல் மேல ஏறி மின்விசிறி துடைக்கப் போய் விழுந்துட்டாங்க. தலைக்கு ரெண்டு பக்கமும் துணியை அண்டக் கொடுத்துப் படுக்க வச்சிருந்தாங்க. பக்கத்துல நர்ஸ்.

சைரன் என்னமோ ஊரைக் கூட்டுது. வண்டி மட்டும் ஊர்ந்துக்கிட்டிருக்கு.

தூரத்துல வண்டிங்க தேங்கி நிக்கிறது தெரிஞ்சா போதும், டிரைவர் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடுவார். மூணாவது கியர், ரெண்டாவது கியர்னு வண்டி தானா தளரும். முன்னாடி போற பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவுல இன்னொரு பஸ் நுழையலாம், அவ்வளவு இடம் விட்டிருந்தார்.

பின்னாடி அம்மா முனகிக்கிட்டே இருந்தாங்க. கொஞ்சம் வேகமா போங்கன்னு ரெண்டு தடவை தன்மையாத்தான் சொல்லிப் பார்த்தேன்.

"விரட்டிப் போய் சடார்னு நின்னா பிரேக் தேயும் சார்" அப்படின்னார், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காம.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"எங்கம்மா உசுரைவிட உன் பிரேக் பெருசாய்யா?"

அடுத்த வேகத்தடையிலயும் அதே கதைதான்.

கண்ணாடியில ஒட்டியிருந்த புகார் நம்பருக்குப் போன் போட்டேன். இந்த ஆளை வேலையை விட்டே தூக்குங்கன்னு அவர் காது கேக்கவே சொன்னேன். நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறோம்னாங்க. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சதோட சரி.

ஆஸ்பத்திரியில அரை மணி கழிச்சு டாக்டர் வெளியே வந்தார். கழுத்து எலும்புல விரிசலாம். வழியில வண்டி ஒரு தடவை குலுங்கி நின்னிருந்தாலும் கை, கால் விளங்காம போயிருக்குமாம். நர்ஸுக்கு அப்பவே சந்தேகம், டிரைவர்கிட்ட சொல்லித்தான் வண்டியை எடுத்தாங்கன்னார்.

வாசலுக்கு ஓடிக்கிட்டே போன் போட்டுப் புகாரை வாபஸ் வாங்கினேன். டிரைவர் ஸ்ட்ரெச்சரைத் துடைச்சுக்கிட்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. ஆனா, விஷயத்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க பதறிக் கத்துவீங்க. அம்மா முழிச்சுக்கிட்டிருந்தாங்க. காதுல விழுந்தா பயந்து தலையைத் தூக்கிடுவாங்க."

துணியை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார்.

"மத்தபடி பிரேக்கா? ஆபீஸ் வண்டி சார், தேஞ்சா எனக்கென்ன?"