ஒன்றே முக்கால் மணி நேரம்

கடைக்காரர் மரத்தில் ஆணி அடிக்கும் மூன்று துப்பாக்கிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். என்னிடம் இருந்தது அரை நாள்.

நாலு மணிக்கு என் மனைவி வருகிறாள் என்று காலையில் அவள் அண்ணன், என் மச்சான், போன் பண்ணியிருந்தார். பீரோவில் தங்கச்சியின் சாமான் கொஞ்சம் கிடக்கிறது, எடுக்கத்தான் வருவாள் போலிருக்கிறது என்றார்.

முதல் துப்பாக்கி தடி ஆணிக்கானது. கதவு நிலைக்குச் சரி, மெல்லிய சட்டத்தில் அடித்தால் மரம் பிளந்துவிடும். இரண்டாவது ஊசி ஆணி. அடித்த இடமே தெரியாது, ஆனால் பசை காயும்வரை சட்டத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும்.

மூன்றாவது இரண்டுக்கும் நடு. மூக்கு ஒல்லி. நுனியில் ரப்பர் இருப்பதால் மரத்தில் தழும்பு விழாது. பேட்டரியில் ஓடுவதால் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. இடது கையால் சட்டத்தைப் பிடித்து, வலது கையால் அடிக்கலாம். பிடித்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை.

அதையே எடுத்தேன். புது வீட்டு வேலையா என்று கேட்டார். பழைய வீடு, என் வீடு என்றேன்.

ஊரெல்லாம் வீடு கட்டுவார்கள். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் தெரியும் அசிங்கத்தை மரச்சட்டம் அடித்து மறைப்பது நான். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு.

என் வீட்டு முன்னறையில் அந்த அசிங்கம் பதினோரு வருஷமாக அப்படியே இருந்தது. விரல் நுழையும் இடுக்கு. தினமும் காலையில் அவள் துடைப்பத்தில் ஒரு குச்சியை உருவி, அதிலிருந்து தூசியை நோண்டி எடுப்பாள். எறும்பு வருகிற இடத்தில் செய்தித்தாளை மடித்துச் செருகுவாள்.

எப்போது அடிப்பீர்கள் என்பாள். இந்த மாதம் போகட்டும் என்பேன். ஆணி அடிக்கும் காற்று மெஷின் கம்பெனியுடையது, வீட்டுக்குத் தூக்கி வர முடியாது என்பேன். சுத்தியல் எதற்கு இருக்கிறது என்பாள். கையால் அடித்தால் நாலு நாள் வேலை என்பேன்.

ஒருமுறை சாப்பிட வந்த மச்சான், ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓரம் கட்டுகிறவர் சொந்த வீட்டை ஓரங்கட்டிவிட்டார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். அவள் குனிந்து தட்டுகளை அடுக்கினாள்.

நாற்பத்திரண்டு நாளைக்கு முன் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. சண்டை என்றால் சமாதானத்துக்குப் போகலாம். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது சட்டத்தை மட்டுமல்ல என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

சட்டங்கள் கட்டிலுக்கடியில் பெயின்ட் அடித்துத் தயாராகவே கிடந்தன. அவற்றையும் பதினோரு வருஷம் அவள்தான் துடைத்து வைத்திருந்தாள்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தேன். கழிவுக் கட்டையில் அடித்த முதல் ஆணி வெளியே துருத்தி நின்றது. ஆணி இறங்கும் ஆழத்தைக் கூட்டும் திருகை ஒரு சுற்றுச் சுற்றினேன். அடுத்தது ஒழுங்காக உள்ளே இறங்கியது. ஆணி மரத்துக்குள் வளைந்து விரலில் ஏறிவிடக்கூடும் என்பதால் பிடிக்கிற கையைத் தள்ளி வைத்துக்கொண்டேன். ஒன்றரைச் சாணுக்கு ஒரு ஆணி. மூலைகளைச் சரிபாதிச் சாய்வாக அறுத்துப் பொருத்தினேன். ஓட்டைகளுக்குப் பட்டி வைத்துத் துடைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டே முக்கால்.

அறை வேறு யாருடைய வீடோ போல இருந்தது. இதைப் பார்த்தால் ஒருவேளை இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சொன்னபடி நாலு மணிக்கு வந்தாள். கையிலிருந்த பையை வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு சுவரோரமாகவே மெதுவாக நடந்தாள். மூலையில் மண்டியிட்டு, இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் விரலை ஓட்டினாள். நகம்கூட நுழையவில்லை. அவள் முகம் இளகியது. அப்படி அதைப் பார்த்துப் பல வருஷமாகிறது.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் தொழிலில் வேகம்தான் பெருமை. யார் கேட்டாலும் நேரத்தைக் குறைத்துத்தான் சொல்லுவோம், கூட்டிச் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் என்றேன். அதோடு விட்டேனா? அந்த மூலை கோணலாக இருந்தது, இல்லையென்றால் ஒன்றரையிலேயே முடித்திருப்பேன் என்றும் சொன்னேன்.

அவள் விரல் நின்றுவிட்டது.

"ஒன்னே முக்கா மணி நேர வேலைக்கா என்னைப் பதினோரு வருஷம் கெஞ்ச வெச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். மெஷின் புதுசு, அதனால்தான் என்று எதையோ உளறினேன்.

எழுந்தாள். செருப்பை மாட்டினாள்.

பீரோ சாமானை மறந்துவிட்டுப் போகிறாளே என்று, நானே அள்ளிப் போட்டுக் கொடுக்கலாமென வாசலில் இருந்த பையை எடுத்தேன். கனத்தது. எடுத்துப்போக வந்தவள் பை காலியாக அல்லவா இருக்க வேண்டும்.

பாதி மூடிய ஜிப்புக்குள் அவள் வீட்டில் உடுத்தும் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. மேலே அவளுடைய பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.